பகலில் குழந்தை யாரிடம்?

(புணேயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ராஸ்தா பேட்டில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கும் தெருவுக்குச் சர்தார் முதலியார் சாலை என்று பெயர். ஹிஞ்சவடியில் மென்பொருள் பூங்கா வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழர்களான நம்மவர்கள் இந்த ஊரில் வேர்விட்டவர்கள் என்பதற்கு அந்தப் பெயர்ப்பலகை சாட்சி. உங்களில் பலர் அந்த மருத்துவமனைக்குப் போயிருப்பீர்கள். சிலருடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்திருக்கவும் கூடும். அங்கே நடந்த ஒரு நீண்ட ஆய்வைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. அதைச் சொல்லித்தான் நான் தொடங்க வேண்டும்.

1980களின் கடைசியில், 2 கிலோவுக்கும் குறைந்த எடையோடு பிறந்து, பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பிழைத்து, வீட்டுக்குப் போன குழந்தைகளை டாக்டர் சுதா சௌத்ரியும் அவருடைய குழுவினரும் ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தை உயிரோடு வீடு போனாலே மருத்துவம் வென்றது என்று கருதுவார்கள். இவர்கள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டார்கள்: பிழைத்த பிள்ளை எப்படி வளர்கிறது? 6 வயதில், 12 வயதில், 18 வயதில் என்று அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்து உயரம், எடை, பார்வை, கேட்கும் திறன், படிப்பு, நுண்ணறிவு எல்லாம் பார்த்தார்கள். சரியான எடையோடு பிறந்த பிள்ளைகளையும் ஒப்பிடுவதற்காகக் கூடவே தொடர்ந்தார்கள். நம் நாட்டில் ஒரு மருத்துவமனை 18 ஆண்டுகள் ஒரே பிள்ளைகளை விடாமல் பார்ப்பது சாதாரணக் காரியம் அல்ல. வாடகை வீடு மாறுவார்கள், ஊர் மாறுவார்கள், கூப்பிட்டால் வேலை நாள் போய்விடும் என்பார்கள். அத்தனையையும் மீறி இதைச் செய்த அந்தக் குழுவுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

அவர்கள் கண்டது என்ன? எடை குறைந்து பிறந்த பிள்ளைகள், சராசரியாகப் பார்த்தால், மற்றப் பிள்ளைகளைவிடச் சற்றுப் பின்தங்கித்தான் இருந்தார்கள். இதை யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் தாய் எவ்வளவு படித்தவள், குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன என்பவையும் அந்தப் பிள்ளையின் நுண்ணறிவு மதிப்பெண்ணைப் பலமாக ஏற்றி இறக்கின. தராசு காட்டிய எடையோடு கதை முடியவில்லை. அந்தக் குழந்தை எந்த வீட்டுக்குப் போனது, அங்கே அதை ஏந்திய கைகள் எப்படிப்பட்டவை என்பதும் சேர்ந்தே அதன் வாழ்க்கையை எழுதியது.

நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். குழந்தையின் வளர்ச்சி என்று பேசத் தொடங்கினால் நாம் எல்லோரும் குழந்தையையே பார்க்கிறோம். எத்தனை மாதத்தில் குப்புற விழுந்தது, எப்போது தவழ்ந்தது, எப்போது பேசியது, எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தக் குழந்தையை வளர்ப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதில்லை. அவருக்கு வேளைக்குச் சோறு உண்டா, தூக்கம் உண்டா, குழந்தையோடு இருக்க நேரம் உண்டா, கால் நீட்டி உட்கார ஓர் இடம் உண்டா, ஆறுதலாகப் பேச ஓர் ஆள் உண்டா? இவை இல்லாத ஒருவரிடம் போய், குழந்தையோடு நிறையப் பேசுங்கள், விளையாடுங்கள், சத்தான உணவு கொடுங்கள் என்று அறிவுரை சொல்வது அநியாயம். வளர்ப்பவரைத் தாங்காத ஊர் குழந்தையைத் தாங்க முடியாது.

இதைப் புணேயைச் சுற்றியுள்ள கிராமங்களே நமக்குக் காட்டியிருக்கின்றன. அதே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், 1993இல் புணேக்கு அருகே 6 கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கருவுறுவதற்கு முன்பிருந்தே பெண்களைக் கவனித்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளை இன்றுவரை தொடர்ந்து வரும் ஆய்வு அது. அந்தத் தாய்மார்களின் சராசரி எடை 42 கிலோவைக்கூட எட்டவில்லை. பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 2.7 கிலோ. அதே அளவுகோலில் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிறந்த குழந்தைகள் 3.5 கிலோ இருந்தன. நம் குழந்தைகளிடம் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு வழிவிடும் இந்த உடல்வாகு பிறந்த அன்றே தெரிகிறது என்று அவர்கள் எழுதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்த ஆய்வில் என் மனத்தில் ஆழப் பதிந்த பகுதி வேறு. கர்ப்பிணிகள் நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். வயல் வேலை, தண்ணீர் சுமப்பது, துணி துவைப்பது, வீட்டு வேலை எல்லாம் கணக்கில் வந்தன. வேலைச் சுமை கூடிய தாய்மார்களின் குழந்தைகள் சிறியவையாகப் பிறந்தன. கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்டவர்களின் குழந்தைகள் சற்றுப் பெரியவையாகப் பிறந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தையின் சூழல் என்று நாம் சொல்வது வீட்டுச் சுவரிலும் தெருவிலும் தொடங்குவதில்லை. அது தாயின் தலையில் இருக்கும் குடத்தில் தொடங்குகிறது. அவள் தட்டில் கடைசியாக என்ன மிஞ்சியது என்பதில் தொடங்குகிறது. கர்ப்பிணிக்கு நாம் சத்து மாத்திரை கொடுத்துவிடுகிறோம். குடத்தை யார் இறக்கி வைப்பது? அது மாமியாரும் கணவரும் செய்ய வேண்டிய வேலை. குழாயை வீட்டருகே கொண்டுவர வேண்டியது பஞ்சாயத்தின் வேலை.

பி12 என்ற வைட்டமினைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் இருப்பது அது. சைவ உணவு உண்டு, பாலும் போதாத பெண்களிடம் குறைவாக இருக்கும். கர்ப்ப காலத்தில் பி12 மிகக் குறைந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகள் 9 வயதில் சில அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள் என்று இதே குழு கண்டது. அதே கிராமங்களில் வளர்ந்த இளம்பெண்களுக்குக் கருவுறுவதற்கு முன்பே பி12 கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் பெற்ற குழந்தைகள் 2 வயதில் அறிவிலும் மொழியிலும் மேம்பட்டிருந்தார்கள். அந்த ஆய்வில் அன்று கருவாக இருந்த பெண் குழந்தை, இன்று தானே தாயாகி அதே ஆய்வில் நிற்கிறாள். ஒரு தலைமுறையில் விட்டதை அடுத்த தலைமுறை சுமக்கிறது. அதேபோல் ஒரு தலைமுறையில் கொடுத்தது அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கிறது.

பிறந்த பிறகு? குழந்தையின் மூளை பிறக்கும்போது பெரியவர் மூளையின் கால் பங்கைச் சற்றுத் தாண்டிய எடையில் இருக்கிறது. 2 வயது முடிவதற்குள் முக்கால் பங்குக்கு வந்துவிடுகிறது. அந்த வேகத்துக்குச் சோறு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சோறு மட்டும் போதாது என்பதற்கு ஜமைக்காவிலிருந்து ஒரு சான்று இருக்கிறது.

1986–87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்கிரிகரும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தார்கள். சில குழந்தைகளுக்கு வாரந்தோறும் பால் உணவு. சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. 2 ஆண்டுகள் இப்படி நடந்தது. வீட்டுக்கு வந்த அந்தப் பெண் டாக்டரும் அல்ல, உளவியல் நிபுணரும் அல்ல. காலி டப்பாவிலும் அட்டையிலும் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுவருவார். குழந்தையின் கையில் கொடுப்பதைவிடத் தாயின் கையில் கொடுத்து, தாயை விளையாட வைப்பார். குழந்தை செய்ததைப் பாராட்டத் தாய்க்குச் சொல்லித் தருவார். 20 ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். விளையாட்டு கிடைத்த குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால் உணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி ஒரு நீடித்த பலன் தெரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் சத்துணவு வேண்டாமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு. நான் சுட்டிக்காட்ட விரும்புவது அந்த ஒரு மணி நேரம் யாருக்காகச் செலவானது என்பதைத்தான். அது தாய்க்காகச் செலவானது. வறுமையில் துவண்டிருந்த ஒரு பெண்ணைத் தேடி வாரம் ஒரு முறை ஒருத்தி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, உன்னால் முடியும் என்று சொன்னாள். பலன் குழந்தையிடம் தெரிந்தது.

மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ருமேனியாவைப் பார்க்கலாம். 1989இல் அங்கே சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது அரசு விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. படுக்கை இருந்தது, உணவு இருந்தது. ஒரு பணிப்பெண்ணுக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். எந்தக் குழந்தைக்கும் தன்னுடையவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. 2000இல் அந்நாட்டின் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். போனவர்கள் தேறினார்கள். அதிலும் 2 வயதுக்கு முன்னால் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். நம் புணேயில் சசூன் மருத்துவமனையின் நண்பர்கள் சங்கம் நடத்தும் ஸ்ரீவத்ஸ் இல்லம், கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்துத் தத்துக்குக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட இல்லங்களில் எத்தனை கைகள் இருக்கின்றன, அந்தக் கைகள் மாறாமல் நீடிக்கின்றனவா என்பதை வைத்துத்தான் நான் அவற்றை எடைபோடுவேன். கட்டடத்தை வைத்து அல்ல.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிய பாடம் அல்ல. 1863இல் சமூகச் சீர்திருத்தத் தம்பதியரான ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் தங்கள் வீட்டிலேயே ஓர் இல்லம் திறந்தார்கள். விதவையான பின் கருவுற்ற பெண்கள், ஊருக்கு அஞ்சி, பிறந்த சிசுவைக் கொன்ற காலம் அது. சிசுக்கொலை பாவம் என்று மேடை போட்டுப் பேசியிருக்கலாம். அந்தப் பெண்களைச் சிறைக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. இங்கே வந்து பெற்றுக்கொள், உன்னை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று தாய்க்குக் கூரை கொடுத்தார்கள். தாய் பிழைத்ததால் பிள்ளை பிழைத்தது. அங்கே பிறந்த யஷ்வந்த் என்ற குழந்தையைத் தங்கள் மகனாகவே வளர்த்தார்கள். அவர் டாக்டரானார். 1897இல் பிளேக் நோய் புணேயைச் சூறையாடியபோது அவர் நடத்திய சிகிச்சை முகாமில் நோயாளிகளைக் கவனித்த சாவித்திரிபாய், அதே நோய்க்கு மார்ச் 10ஆம் தேதி பலியானார். குழந்தை நலம் என்று இன்று நாம் போடும் எத்தனையோ திட்டங்களில் இல்லாத ஒரு தெளிவு அந்த 1863 முடிவில் இருந்தது.

இனி, நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கே காரணமான இடத்துக்கு வருகிறேன். அது கட்டுமானத் தளம்.

கராடி, வாகட், பாணேர், ஹிஞ்சவடி என்று இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் கட்டடம் எழுகிறது. மராத்வாடாவிலிருந்தும் கர்நாடகத்தின் வட மாவட்டங்களிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து கட்டுகிறார்கள். ஆண் கொத்தனார், பெண் சித்தாள். தகரக் கொட்டகையில் குடியிருப்பு. பெண் காலையில் சோறாக்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பொழுது ஏறுவதற்குள் கலவைச் சட்டியோடு நிற்க வேண்டும். கைக்குழந்தையை எங்கே விடுவாள்? மணல் குவியலுக்குப் பக்கத்தில் சேலையில் தூளி கட்டிப் போடுவாள். தவழத் தொடங்கிய குழந்தையென்றால் ஆபத்து பெரிது. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர்த் தொட்டி திறந்திருக்கும், லாரி பின்னால் வரும். நம் நாட்டுக் கட்டுமானத் தளங்களில் குழந்தையின் காலில் கயிறு கட்டித் தூணோடு பிணைத்துவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் பதறுகிறார்கள், தாயைத் திட்டுகிறார்கள். அந்தக் கயிறு அவளுடைய அக்கறை. அவளிடம் இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அதைவிட நல்லதை நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

பெரும்பாலும் கயிற்றுக்குப் பதில் ஓர் அக்கா இருப்பாள். அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பகல் முழுவதும் அலைவாள். அவளும் குழந்தைதான். அழுகிற தம்பியைச் சமாதானப்படுத்த அவளுக்கு என்ன தெரியும்? கையில் இருக்கும் பிஸ்கட்டைக் கொடுப்பாள். தம்பிக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பும் கிடைக்காது, அவளுக்குக் கிடைக்க வேண்டிய பள்ளியும் கிடைக்காது. ஒரே கொட்டகையில் இரண்டு பிள்ளைப்பருவம் வீணாகும். அந்தப் பெண் ஒருநாள் தாயாவாள். கே.இ.எம். ஆய்வு சொன்னது நினைவிருக்கிறதா? தாயின் படிப்பு. அதை நாம் அங்கேயே பறித்துவிடுகிறோம்.

1969இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது மீரா மகாதேவன் என்ற பெண்மணி இதே நிலைமையைக் கண்ணால் கண்டார். காந்தியைக் கொண்டாடும் இடத்திலேயே குழந்தைகள் புழுதியில் கிடந்தார்கள். அவர் ஒரு கூடாரம் போட்டுத் தொடங்கியதுதான் மொபைல் கிரெஷஸ். கட்டடம் எங்கே போகிறதோ அங்கே காப்பகமும் போகும் என்ற எண்ணம். அது மும்பைக்கு வந்தது, பிறகு புணேக்கும் வந்தது. இன்று இங்கே தாரா மொபைல் கிரெஷஸ் என்ற தனி அமைப்பாக இயங்குகிறது. ரஜனி பராஞ்சபே 1988இல் மும்பையில் நிறுவிய டோர் ஸ்டெப் ஸ்கூல் புணேயிலும் வேர்விட்டு, கட்டுமானத் தளப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைச் செய்கிறது.

இப்படிப்பட்ட ஒரு காப்பகம் நன்றாக நடக்கும்போது என்ன செய்கிறது தெரியுமா? கட்டி முடிக்காத கட்டடத்தில் இரண்டு அறையோ, தகர ஷெட்டோ போதும். காலையில் குழந்தை வந்ததும் முகம் கழுவி, தலை வாரி, நகம் வெட்டுகிறார்கள். எடை பார்த்து எழுதுகிறார்கள். குறைந்த எடைக் குழந்தைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். சூடாகச் சாப்பாடு, பாட்டு, தூக்கம். வேலை நேரத்தில் தாய் இடைவேளையில் வந்து பாலூட்டிவிட்டுப் போகலாம். 3 வயதைத் தாண்டியவர்களுக்குப் பால்வாடி. இடுப்பிலிருந்து தம்பியை இறக்கி வைத்த அக்கா, பையோடு பள்ளிக்குப் போகிறாள். மாலையில் குழந்தையை வாங்க வரும் தாயிடம் அங்கிருக்கும் ஆயா, இன்று இவன் என்னென்ன செய்தான் என்று சொல்கிறாள். நாள் முழுவதும் மேஸ்திரியின் அதட்டலைத் தவிர வேறு சொல் கேட்காத அந்தப் பெண்ணுக்கு, அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை யோசித்துப் பாருங்கள். ஜமைக்காவில் வாரம் ஒரு மணி நேரம் செய்ததை இந்த ஆயா நாள்தோறும் இரண்டு நிமிடத்தில் செய்கிறாள்.

அங்கன்வாடி இல்லையா என்று கேட்பீர்கள். 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டம் கோடிக்கணக்கான குழந்தைகளைத் தொட்டிருக்கிறது. இந்த மாநிலத்தில் கல்வியாளர்கள் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் கோஸ்பாட் என்ற ஊரில் ஆதிவாசிக் குழந்தைகளின் நடுவே உழைத்து உருவாக்கிய வழிமுறைகளுக்கு அதன் பின்னால் பெரிய இடம் உண்டு. அங்கன்வாடிப் பணியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாங்கும் மதிப்பூதியத்துக்கு மேல் உழைப்பவர்கள் அவர்கள். ஆனால் அங்கன்வாடி சில மணி நேரம் நடக்கும், முக்கியமாக 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. சித்தாளின் வேலை மாலை 6 மணி வரை. அவளுடைய கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆறு மாதத்தில் அடுத்த தளத்துக்குப் போய்விடும் குடும்பத்தின் பெயர் பதிவேட்டில் ஏறுவதே கடினம்.

சட்டம் இருக்கிறது. 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 35ஆம் பிரிவு, 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும், பயிற்சி பெற்ற பெண்ணை வைக்க வேண்டும் என்றது. ஒரே தளத்தில் பத்துத் துணை ஒப்பந்தக்காரர்கள் இருந்தால் எவருடைய பதிவேட்டிலும் 50 பெண்கள் வர மாட்டார்கள். ஆண் தொழிலாளிக்குக் குழந்தையே கிடையாது என்பதுபோல எழுதப்பட்ட விதி அது. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் என்ற சொல்லை விட்டுவிட்டு, 50க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் என்று பொதுவாக்கியது. இது நல்ல மாற்றம். ஆனால் காப்பகம் கட்டாயம் என்று சட்டம் நேராகச் சொல்லாமல், விதி வகுக்கலாம் என்று அரசிடம் விட்டிருக்கிறது. பணமும் இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று வசூலாகிறது. அந்தப் பணம் பெருமளவில் செலவாகாமல் கிடப்பதை 2018இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. குழந்தைக் காப்பகத்தைவிட அந்தப் பணத்துக்கு நியாயமான செலவு வேறு என்ன இருக்கிறது?

பேறுகாலத்தையும் பார்த்துவிடுவோம். அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தந்தது. சித்தாளுக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு எத்தனை வாரம் வீட்டில் இருக்க முடியும்? தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் 18,000 ரூபாய் வரை கொடுக்கிறது, சத்துணவுப் பெட்டகத்தையும் சேர்த்து. அதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் நம் மாநிலம் மற்ற மாநிலங்களுக்கு எடுத்துக்காட்டக்கூடிய காரியங்களில் இதுவும் ஒன்று.

நம் வீடுகளுக்குள்ளும் பார்க்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு பாட்டி ஆறு மாதம், கும்பகோணத்திலிருந்து இன்னொரு பாட்டி ஆறு மாதம். பன்னிரண்டாவது மாடி. மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. முழங்கால் வலி. பேரனைத் தவிரப் பகலில் பேச ஆள் இல்லை. அந்தப் பாட்டி குழந்தை கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் மருமகளுக்குக் கோபம் வருகிறது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம், 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது சரிதான். ஆனால் அந்த விதியைப் பாட்டியிடம் படித்துக் காட்டுவதற்கு முன்னால், பாட்டிக்கு மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்க வழி செய்தீர்களா? அப்பாக்களே, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. சட்டம் வரும்வரை குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொள்ளாமல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்றையும் பெற்றோர் கேட்கிறார்கள்: வீட்டில் தமிழ், வெளியில் மராத்தி, இந்தி, பள்ளியில் ஆங்கிலம். குழந்தை குழம்பிவிடாதா? குழம்பாது. பல மொழி கேட்டு வளர்வது பேச்சைக் கெடுப்பதில்லை. யாரும் பேசாமல் இருப்பதுதான் கெடுக்கிறது. உங்களுக்கு எந்த மொழியில் கதையும் கொஞ்சலும் தடையில்லாமல் வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். தமிழ் வருகிற பாட்டியை அரைகுறை ஆங்கிலம் பேச வைக்காதீர்கள்.

இந்த வீடுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கும் குழந்தை இருக்கிறது. அவள் உங்கள் பிள்ளைக்குச் சோறூட்டும் நேரத்தில் அவளுடைய பிள்ளைக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 1980இல் இதே புணேயில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கமானார்கள். கூலியோடு விடுப்பும் கேட்டார்கள். 1993இல் குப்பை பொறுக்கும் பெண்கள் சங்கம் அமைத்தார்கள். தங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரக் கூடாது, பள்ளிக்குப் போக வேண்டும் என்று அந்தச் சங்கமே முன்னின்று சொன்னது. பிள்ளை வளர்க்க என்ன வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களுக்குப் பாடம் எடுக்க நாம் போக வேண்டியதில்லை. அவர்கள் கேட்டதைக் கொடுத்தால் போதும்.

உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இரண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு, அவள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில், கூலி பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். இந்த அவையில் இருப்பவர்களில் பலர் வீடு வாங்கியிருப்பீர்கள், இனி வாங்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். அடுத்த முறை மாதிரி வீட்டைப் பார்க்கப் போகும்போது, நீச்சல் குளம் எங்கே, கார் நிறுத்தும் இடம் எங்கே என்று கேட்பதோடு, இங்கே வேலை செய்கிறவர்களின் குழந்தைகள் பகலில் யாரிடம் இருக்கிறார்கள் என்றும் விற்பனை அலுவலகத்தில் கேளுங்கள். காப்பகம் இருக்கிறது என்று சொன்னால், காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால், அது வந்த பிறகு முன்பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தனித்தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து போங்கள்.